தென்துருவக் கடலின் பச்சை

காலை வெயில் மேசைமேல் சாய்ந்து விழ, கீழே பனியன் மெஷின்கள் இரைய, சத்யப்பிரியா அசையாமல் கணினித் திரையைப் பார்க்கிறாள். தென்துருவக் கடலின் நுண்பாசியை ஒரே மாதத்தில் இரண்டு செயற்கைக்கோள்கள் எடுத்த படங்கள் அருகருகே இருக்கின்றன. பழைய கோளின் அளவும் புதிய கோளின் அளவும் ஒத்துப்போகாததால், மாறியது கடலா கருவியா என்று தெரியாமல் மூன்று வருடம் தவித்திருக்கிறாள். சாயப்பட்டறையில் நிறம் பார்க்கும் அம்மா சித்ராதேவி, வேலைக்குக் கிளம்பியவள், தோள்மேல் கைவைத்துக் குனிகிறாள்.

“ரெண்டும் ஒரே பச்சைதானே கண்ணு?”

“ஆமாங்கம்மா. கருவியோட வித்தியாசத்தைக் கழிச்சதும் இன்னிக்குத்தான் சேர்ந்துச்சு. இனி ரெண்டு கோளும் எடுத்த இருபத்தஞ்சு வருசப் படத்தையும் ஒண்ணா வெச்சுப் பாக்கலாம்.”

அம்மா சாப்பாட்டுப் பையைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போடுகிறாள்.

“மொத வருசத்துல இருந்து காட்டு.”