தேர்தல் நாளில் நெட் இல்லை

"ஓட்டுப்பதிவு முடியிற வரைக்கும் கடையச் சாத்திருங்க அண்ணாச்சி. நல்லதுக்குத்தான் சொல்றோம்."

கம்பத்தில், வைகுண்டராஜின் பிரவுசிங் சென்டர் வாசலில் கட்சிக்காரர்கள் நாலு பேர். பாராளுமன்றத் தேர்தல் நாள். ஓட்டுக்குப் பணம் கொடுப்பதை எவனாவது செல்போனில் படம் பிடித்து, இங்கிருந்து டிவிக்கு அனுப்பிவிட்டால்? மடியில் கனம், வழியில் பயம்.

"சாத்த முடியாதுப்பா. அரபு நாட்டுக்குப் பிள்ளைய அனுப்புனவுக, முகம் பார்க்க இங்கனதான் வாராக. இந்தா, இந்த அக்காவும் அதுக்குத்தான் காத்திருக்காக."

பெஞ்சில் லத்திபா உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் தம்பி பக்கீர் முகம்மது. சவுதியில், தம்மாமில் லாரி ஓட்டிக்கொண்டிருந்த அவளுடைய ஒரே மகன் ராஜா முகம்மது விபத்தில் போய்விட்டான். அடக்கம் அங்கேயேதான். 'எம்பிள்ளை முகத்தை ஒரு தடவ பார்க்காம சம்மதம் சொல்ல மாட்டேன்' என்று அவள் ஒற்றைக்காலில் நின்றதால், அவனுடைய அறைக்கூட்டாளி படம் எடுத்து மெயிலில் அனுப்புவதாகச் சொல்லியிருந்தான்.

ஒருவன் செங்கல்லை எடுத்து வீசினான். முகப்புக் கண்ணாடி சில்லுச் சில்லாகக் கொட்டியது. வைகுண்டராஜ் அசையவில்லை. வந்தவர்கள் முணுமுணுத்துக்கொண்டே நகர்ந்தார்கள்.

மனுஷன்னா இவருதான் என்று பக்கீருக்கு நெஞ்சு நிறைந்துபோனது.

"இருங்கக்கா, மெயில் வந்துருச்சான்னு பார்த்துட்டு வாரேன்."

உள்ளே போனவர் திரும்பி வரும்போது ஆளே மாறியிருந்தார். வந்ததும் ஷட்டரைப் பாதிக்கு இழுத்தார்.

"நெட் இல்லக்கா."

"மெயில் பார்க்கத்தான உள்ள போனீக?" என்றார் பக்கீர்.

"எலெக்‌ஷன்னு மேலயே நிறுத்திட்டாகளாம்."

லத்திபா எழுந்து வந்து ஷட்டரைப் பிடித்துக்கொண்டாள்.

"தொட்டில்ல இருந்து விழுந்து நெத்தியில ஒரு தழும்பு இருக்கும்யா அவனுக்கு. அத மட்டும் பார்த்துட்டுப் போயிர்றேன்."

வைகுண்டராஜ் தரையைப் பார்த்தார்.

"நெட் இல்லக்கா."

பக்கீருக்குத் தலைக்கு ஏறியது.

"கல்லுக்கு மசியாத ஆளு, நோட்டுக்கு மசிஞ்சிட்டீகளோ? உள்ள போனதும் போன் வந்துச்சாக்கும். எவ்வளவு பேசினாக?"

வைகுண்டராஜ் குனிந்து, கொட்டிக்கிடந்த கண்ணாடிச் சில்லைப் பொறுக்கினார்.

"மகனைப் பறிகொடுத்தவ வயித்தெரிச்சல் சும்மா விடாது அண்ணாச்சி."

பக்கீர் ஷட்டருக்கு அடியில் குனிந்து உள்ளே நுழைந்தார். வைகுண்டராஜ் பின்னாலேயே ஓடினார்.

மூலையில் மோடம் பச்சை பச்சையாக மின்னிக்கொண்டிருந்தது.

"லைன் இருக்குல்ல? தாயும் பிள்ளையும் பார்க்கிற கடைசிப் பார்வையிலயா கை வைக்கிற?" பக்கீர் அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார்.

"வேணாம் பாய். சொன்னாக் கேளுங்க. பார்க்காதீக."

பக்கீர் அவரைத் தள்ளிவிட்டு, அணைத்து வைத்திருந்த மானிட்டரைத் தட்டினார்.

படம் திறந்தே இருந்தது.

சட்டையை வைத்துத்தான் அடையாளம் தெரிந்தது. போன பெருநாளைக்கு லத்திபா எடுத்து அனுப்பிய நீலக் கட்டம் போட்ட சட்டை. அதற்கு மேலே தழும்பு இல்லை, நெற்றி இல்லை, முகம் என்று சொல்ல எதுவுமே இல்லை.

வைகுண்டராஜ் மெல்ல வந்து மானிட்டரை அணைத்தார்.

"தம்பி, லைன் வந்துருச்சா?" வெளியே இருந்து லத்திபாவின் குரல்.

அக்காவிடம் பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர் பக்கீர். குனிந்து, மோடத்தின் வயரைத் தன் கையாலேயே பிடுங்கினார்.

"இல்லக்கா" என்றார். "நெட் இல்ல."