ஐந்து மாடிக்கும் ஒரே குழாய்

"எலும்பு கிடைச்சா ஒரே வாரத்துல காலி பண்ணிடணும், எஸ்தர்" என்றார் சந்தானம். சைவக் குடும்பங்களுக்கு மட்டும் என்று விதி வைத்திருக்கும் அந்த வாகட் பகுதிக் குடியிருப்புக்கு அவர்தான் செயலாளர். சமையலறைக் கழிவுக் குழாய் மூன்றாவது தடவையாக அடைத்திருந்தது.

"பொண்ணுக்குப் பத்தாவது பரீட்சை சார். நான் சொல்றதைக் கொஞ்சம்..."

"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். கேமரா சொல்லும்."

அடைப்பு எடுக்க வந்த காதர், கீழேயிருந்து கேமராவைக் குழாய்க்குள் ஏற்றி, ஒவ்வொரு மாடி வீட்டின் இணைப்புக் குழாயாகக் காட்டினார். எல்லாரும் திரையைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"முதல் மாடி. மீன் முள்ளு."

முதல் மாடிக்காரர் இருமினார்.

"ரெண்டாவது, கோழி எலும்பு. மூணாவது, நண்டு ஓடு."

கூட்டம் பாதியாகக் கரைந்தது.

"நாலாவது மாடி..."

"அதுதான் எஸ்தர் வீடு. நல்லாப் பாருங்க பாய்."

"கழுவி வெச்ச மாதிரி இருக்கு சார். அஞ்சாவதையும் பாத்துடவா?"

"வேண்டாம், வேண்டாம். அடைப்பை மட்டும் எடுத்துடுங்க" என்றார் ஐந்தாம் மாடியில் குடியிருக்கும் சந்தானம்.

எல்லாரும் போனபின் லிஃப்ட் அருகே எஸ்தரிடம் குரலைத் தாழ்த்தினார்.

"குப்பை வாளியை வாட்ச்மேன் தினமும் திறந்து பாக்கறார். வேற வழியில்லாம எல்லாரும் குழாயிலதான் தள்றோம். நீங்க மட்டும் எங்கே போடறீங்க?"

"எதை சார்?"

"எலும்பைத்தான்."

"நானும் பொண்ணும் முட்டைகூடத் தொட மாட்டோம் சார். அதைத்தான் அப்பவே சொல்ல வந்தேன்."