தூக்காத கை

"பேட்டரி எதுவும் இல்ல தம்பி. அவரு சும்மா சொல்லியிருப்பாரு."

அண்ணி இதைப் போலீஸ்காரர் குணாளனின் கைப்பேசியைப் பார்த்துச் சொன்னார். கூடத்தில் அண்ணனின் உடலைக் கிடத்தியிருந்தோம். சட்டையின் கழுத்துப் பொத்தான் வரை அண்ணிதான் போட்டுவிட்டிருந்தார்.

குணாளன் பதிவை நிறுத்தவில்லை. "இன்னொரு தடவ, பேரோட சொல்லுங்கக்கா."

"என் பேரு யுவனேஸ்வரி. என் வீட்டுக்காரர் புனிதன் நெஞ்சுல பேட்டரி இல்ல."

"அவ்ளோதான்லா. இருக்குன்னு சொன்னா ஈப்போவுக்குக் கொண்டுபோயி அறுத்துப் பார்ப்பாங்க. இல்லேன்னா இன்னைக்கே எரிச்சுக்கலாம்." அவர் தேநீர் கேட்டார். யாரோ கொடுத்தார்கள்.

பேட்டரி என்று எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் சொல்வது இதயத் துடிப்பைச் சீராக்கும் கருவியை. ஈப்போவில் அண்ணனின் இடது தோளுக்குக் கீழே, தோலுக்கு அடியில் அதை வைத்து, அதிலிருந்து ஒரு கம்பியை இதயம் வரை விட்டிருந்தார்கள். காந்தம், வெல்டிங், நெருப்பு என்று நர்ஸ் நீளமாகச் சொன்னதை அண்ணி மட்டும்தான் கடைசிவரை நின்று கேட்டார்.

எங்களுக்கு ஒன்றுதான் நினைவிருந்தது. புண் ஆறும்வரை இடது கையைத் தோளுக்கு மேல் தூக்கக் கூடாது. அண்ணன் கொழுந்து வெட்டும் மெஷினைத் தொடவில்லை. தலையைக்கூட அண்ணிதான் வாரிவிட்டார்.

புண் ஆறுவதற்குள், தோட்டத்து உர மூட்டைகள் காணாமல் போனதற்காக அண்ணனைப் பிடித்துப் போனார்கள். நான் ஆஸ்பத்திரி அட்டையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். போலீஸ் நிலையத்தில் அண்ணன் சுவரைப் பார்த்து நின்றிருந்தார். வலது கை மேலே இருந்தது. இடது கை தொங்கியது.

"இந்தக் கை மட்டும் என்ன, துரையா? தூக்கு!" என்றார் குணாளன்.

"நெஞ்சுல பேட்டரி இருக்கு சார். தூக்கக் கூடாது."

"பேட்டரியா? அப்ப சார்ஜர் எங்க?" உள்ளே இருந்தவர்கள் சிரித்தார்கள். குணாளன் சட்டையை விலக்கிப் புண்ணைப் பார்த்தார். "இது வெட்டுக்காயம். எந்த கேங்?"

நான் அட்டையை நீட்டினேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதை டவுன்ல எந்தக் கடையிலயும் அடிச்சுத் தருவான். இல்லாத பேட்டரிக்கு ஒரு கார்டு!"

பிறகு பிரம்பை அண்ணனின் முழங்கைக்கு அடியில் கொடுத்து நெம்பினார். அண்ணன் கத்தவில்லை. கை மேலே போனது. இறக்கவிடாமல் பிரம்பு அங்கேயே இருந்தது.

மறுநாள் உண்மையான திருடன் அகப்பட்டான். அண்ணனை அனுப்பிவிட்டார்கள். நடந்ததை எல்லாம் நான் அண்ணியிடம் அப்படியே சொன்னேன், சிரிப்பு உட்பட. "உள்ள என்னமோ நழுவிட்ட மாதிரி இருக்கு" என்று மட்டும் அண்ணன் சொன்னார். விடிந்ததும் ஈப்போ போவதாக இருந்தோம். அன்று சாயங்காலமே சட்டை மாற்றும்போது விழுந்தார், எழவில்லை.

குணாளன் தேநீரோடு வெளியே போனதும் அண்ணியிடம் கேட்டேன். "ஏன் அண்ணி அப்படிச் சொன்னீங்க?"

"கார்டக் காட்டுனோம். நம்புனாங்களா? இன்னொரு காயிதம் எதுக்கு?"

அதற்குமேல் எனக்கு அவரைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

எங்கள் தோட்டத்தில் பெண்கள் சுடுகாட்டுக்கு வருவதில்லை. அண்ணி விறகு லாரியில் ஏறி உட்கார்ந்துகொண்டார். சிதை அடுக்கும் நாகப்பன் தலையைச் சொறிந்தார். "பொம்பளைங்க வந்து பழக்கமில்லையே தாயி."

"பரவாயில்லண்ணே. ஓட்டச் சொல்லுங்க."

சுடுகாடு தேயிலைச் சரிவின் உச்சியில் இருக்கிறது. பனி இறங்கி, விறகு ஈரமாக இருந்தது. நாகப்பன் மண்ணெண்ணெய் ஊற்றினார். அண்ணி எல்லோரையும் லாரிக்குப் பின்னால் போகச் சொன்னார். துக்கத்தில் இருப்பவர் சொல்கிறார் என்று எல்லோரும் போனார்கள்.

என்னிடம் வந்து, "கொள்ளி வெச்சதும் திரும்பிப் பார்க்காம வந்துரு" என்றார். சடங்கே அதுதானே என்று தலையாட்டினேன்.

குணாளனும் கைப்பேசியோடு வந்திருந்தார். "தம்பி, நீங்களும் பின்னால வந்துருங்க" என்றார் அண்ணி அவரிடம்.

"எரிச்சு முடிக்கிற வரைக்கும் வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லி ஸ்டேஷன்ல சொல்லியிருக்காங்கக்கா" என்றார் குணாளன்.

"லாரிக்குப் பின்னால நின்னே எடுங்க. தெரியும்."

கொள்ளி வைத்துவிட்டு வந்தேன். தீ பிடிக்க நேரமானது, பிடித்ததும் நன்றாக எரிந்தது. வழக்கமாக இந்நேரம் எல்லோரும் ஆற்றுக்குக் குளிக்கப் போயிருப்பார்கள். அண்ணி நகராததால் யாரும் நகரவில்லை. அவர் அழவும் இல்லை. எதையோ எதிர்பார்த்து நிற்பவர் போல் இருந்தார்.

சிதைக்குள் வெடித்தது.

மேல் கட்டை ஒன்று சரிந்து உருண்டது. தீப்பொறி தேயிலைச் செடிகள் வரை பறந்தது. எதிர் மலை அந்தச் சத்தத்தை ஒருமுறை திருப்பிக் கொடுத்தது.

குணாளன் லாரி டயருக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். இரண்டு கைகளும் தலைக்கு மேல் இருந்தன. ஒரு கையில் கைப்பேசி இன்னும் பதிவு செய்துகொண்டிருந்தது.

"அக்கா... என்னக்கா அது?"

அண்ணி குனிந்து, கைப்பேசிக்கு நன்றாகக் கேட்கும்படி சொன்னார்.

"பயப்படாதீங்க தம்பி. இல்லாத பேட்டரிதான்."