மோட்டாருக்கு ஓய்வு

"போட்டுக் கொடுத்தது நீதானே? என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லு!"

அப்பா நோட்டீஸைச் சாப்பாட்டு மேஜையில் அறைந்த வேகத்தில் டம்ளர் துள்ளியது. வேலையிலிருந்து திரும்பிய மகள் இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அலுவலகப் பை தோளிலேயே தொங்கியது.

"நான் இல்லைப்பா."

"உன் ஆபீஸ்லேர்ந்துதானே வந்தான் அந்த நெட்டையன்? வந்து, நம்ம பேக்கரியைத் தலைகீழாக் கவுத்துட்டுப் போயிருக்கான்!"

"என் ஆபீஸ்தான். அப்பா கடைங்கறதால இந்தப் பக்கமே என்னை அனுப்ப மாட்டாங்க. புகார் யார் கொடுத்தாங்கன்னும் சொல்ல மாட்டாங்க."

"யாரும் சொல்ல வேணாம். இதுலயே இருக்கு." அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். "'தினமும் கடை சாத்தும்போது கிரீம் கேக் வைக்கும் குளிர்ப்பெட்டியின் சுவிட்சை அணைத்துவிடுகிறார்கள். காலை ஆறு மணிக்குக் கேக்கின் சூடு பதினாறு டிகிரி. ஐந்தைத் தாண்டக் கூடாது.' டிகிரி! நம்ம கடையில டிகிரி பேசற ஆள் யாரு? கேக் மாஸ்டருக்குத் தெர்மாமீட்டரை எந்தப் பக்கம் பிடிக்கறதுன்னே தெரியாது!"

"எதுக்குத்தான் இவளைப் படிக்க வெச்சோமோ!" சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "இன்ஜினியரிங் நாலு வருஷம். பத்தாதுன்னு மேல ரெண்டு வருஷம். கடைசியில என்ன உத்தியோகம்? கேக்ல ஊசி குத்தற உத்தியோகம்! விசாரிக்கறவங்களுக்குப் பதில் சொல்லியே என் நாக்கு தேஞ்சுபோச்சு."

மகளுக்கு அலுத்துவிட்டது. இந்த வீட்டில் எந்தச் சண்டை எங்கே தொடங்கினாலும் அவள் படிப்பில் வந்துதான் முட்டி நிற்கும். மேற்படிப்பில் அவள் இரண்டு வருஷம் மல்லுக்கட்டியது ஒரே ஒரு கேள்வியோடு: ஒரு பொருளுக்குள் சூடு எப்படிப் போகிறது, எவ்வளவு நேரத்தில் போய்ச் சேர்கிறது? முடித்ததும் குளிரூட்டும் மெஷின் செய்யும் கம்பெனியில் வேலை. அங்கிருந்து ஒரு பால் பண்ணையின் குளிர் அறையைப் பார்க்கப் போனவள், மெஷின் ஒழுங்காக ஓடியும் பால் ஏன் கெடுகிறது என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் கிருமிகளைப் பற்றி ஒரு டிப்ளமோ, ஒரு பரீட்சை, உணவுப் பாதுகாப்பு அலுவலர் வேலை. அவளுக்கு அது ஒரே பாதைதான். வீட்டாருக்கோ தடம் புரண்ட ரயில். அப்படி என்னதான் படித்தாய் என்று மட்டும் இருவரும் ஒருநாளும் கேட்டதில்லை.

"முப்பது வருஷமா அந்த மோட்டாருக்கு ராத்திரி ஓய்வு கொடுக்கறேன்," என்றார் அப்பா. "மனுஷனுக்கு ஓய்வு வேணும், மோட்டாருக்கு வேணாமா?"

"அப்பா, அது மோட்டார், உழவு மாடு இல்லை! மோட்டார் ஓய்வெடுக்கற நேரத்துலதான் கிருமி வேலைக்கு வருது. பத்துத் தடவை சொல்லிட்டேன்."

"பார்த்தியா, வாயிலேர்ந்தே வந்துடுச்சு! திங்கட்கிழமை அந்த நெட்டையன் மறுபடி வருவான். பெட்டி சரியில்லைன்னா கடைக்கு சீல். நான்தான் செஞ்சேன்னு ஒத்துக்கோ, விட்டுடறேன். இல்லைன்னா இந்த வாசப்படி ஏறாதே."

"செய்யாததை எப்படிப்பா ஒத்துக்கறது? எழுதிப் போடணும்னு எனக்குத் தோணாம இல்லை. சொந்த அப்பா பேரை எழுதக் கை வரலை. என் தப்பு அது ஒண்ணுதான்."

"நல்லா நடிக்கறே!"

"ஆமா, இவ ஆறு மணிக்கு எழுந்துட்டாலும்!" அம்மா ஈரக் கையைப் புடவையில் துடைத்தபடி எட்டிப் பார்த்தாள். "விடியறதுக்கு முன்னாடி எழுந்து கடையைத் திறந்து கண்ணாடி துடைக்கறவ நான். இவளுக்கு எட்டு மணிதான் விடியக்காலம்."

"அலாரம் வெச்சிருப்பா," என்றார் அப்பா, அசராமல்.

மகள் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "சரி, நான் என் தோழி வீட்டுக்குப் போறேன். ஆளை விடுங்க."

"போறப்ப அந்த ஊசித் தெர்மாமீட்டரையும் எடுத்துக்கிட்டுப் போ. என் கேக்கைக் குத்தினது போதும்."

வாசல்வரை போனவள் வெடுக்கென்று திரும்பினாள். "அது தொலைஞ்சு ரெண்டு வாரம் ஆச்சுப்பா! வீடு முழுக்கக் கவுத்துப் போட்டுத் தேடிட்டேன். தினம் அந்த நெட்டையன்கிட்டதான் இரவல் வாங்கறேன். நம்பலைன்னா போய்க் கேளுங்க!"

அப்பா நோட்டீஸை மறுபடி எடுத்தார். புகாருக்குக் கீழே வரிசையாகத் தேதிகள் இருந்தன. போன பத்து நாள், நாள் தவறாமல், காலை ஆறு மணி. அவர் விரல் ஒவ்வொரு தேதியாக இறங்கி, கடைசித் தேதியில் நின்றது.

"அப்போ... இது யாரு?"

சமையலறையில் ஏதோ ஒரு டப்பா திறக்கும் சத்தம் கேட்டது. அம்மா வெளியே வந்தாள். ஒரு கையில் தெர்மாமீட்டர், இன்னொரு கையில் பழைய பள்ளிக்கூட நோட்டு.

"பெத்த பொண்ணு பத்துத் தடவை சொல்லியும் நீங்க கேக்கலை. நான் சொன்னா சிரிப்பீங்க. நோட்டீஸ் வந்தாத்தானே உங்க காதுல ஏறுது?" என்று அவரிடம் சொல்லிவிட்டு, அம்மா நோட்டைப் பிரித்து மகளிடம் நீட்டினாள்.

"அதை விடு. ஏண்டி, ஓரத்துல குத்தினா பதினாறு காட்டுது, நடுவுல குத்தினா பதிமூணுதான் காட்டுது. ஒரே கேக்குதானே, ஏன் அப்படி?"