நேரலையில் நம்முடன் ஒரு நேயர்

“வணக்கமுங்க. என் தக்காளிச் செடியில இலையெல்லாம் சுருண்டுக்குதுங்க. என்ன மருந்து அடிக்கலாம்?”

காலை ஆறரை மணி. அரசுத் தொலைக்காட்சியில் விவசாய நிகழ்ச்சி நேரலையாகப் போய்க்கொண்டிருந்தது. கேள்வி கேட்ட விவசாயிக்கு நிலம் கிடையாது. வீட்டில் ஒரு பூந்தொட்டிகூடக் கிடையாது. அவர் அதே கட்டடத்தின் மூன்றாவது மாடியில், போன் ரூமில் உட்கார்ந்திருந்த டெலிபோன் ஆபரேட்டர்.

பதினோரு மணி மகளிர் நிகழ்ச்சியில் குரலை மெலிசாக்கி, முடி கொட்டும் குடும்பத் தலைவியாகிவிடுவார். இரண்டு மணிக்குப் பரீட்சை பயத்தில் நடுங்கும் மாணவன். ஐந்து மணி டாக்டர் நிகழ்ச்சியில் நோயாளி. ஒரே சம்பளத்துக்கு நாலு வேஷம்! ஆபீஸில் அவருக்குப் பெயரே ‘நேயர்’தான். “நேயர் டீ குடிக்கப் போயிருக்கார், நிகழ்ச்சியைக் கொஞ்சம் இழுங்க” என்பார்கள்.

ஏன் இந்தக் கூத்து என்று கேட்டால் நிகழ்ச்சி அதிகாரி தலையில் அடித்துக்கொள்வார்.

“ஒரு தடவை நிஜ நேயரை லைன்ல விட்டோம்யா. ‘போட்டதையே எத்தனை தடவை போடுவீங்க?’ன்னு கேட்டுத் தொலைச்சான். மேலிடத்துக்கு விளக்கம் எழுதி எழுதி என் கையே ஓய்ஞ்சு போச்சு.”

அன்றிலிருந்து கேள்வி சீட்டில் வரும். பதிலும் முதல் நாளே தயார். வெளியிலிருந்து யார் கூப்பிட்டாலும், “லைன் பிஸி!”

தக்காளி விவசாயி ரிசீவரை வைத்த மறு நிமிஷம் வெளி லைன் அடித்தது.

“சார், இப்பத் தக்காளியைப் பத்திக் கேட்டாரே, அவர்...” ஒரு பெண் குரல்.

“லைன் பிஸிம்மா.”

டொக்கென்று வைத்தார். அவருக்கு மூச்சு வாங்கியது. லிஃப்ட் பழுதாகி மூணு மாசம் ஆச்சு. மூணு மாடி ஏறினால் வாங்காதா பின்னே?

பதினொன்றேகாலுக்குக் குடும்பத் தலைவி வேஷம் கலைந்ததும் மறுபடி அதே குரல்.

“சார், ஒரு நிமிஷம். ரொம்ப அவசரம்...”

“எல்லாருக்கும் அவசரம்தாம்மா!” டொக்.

இரண்டரைக்கு மூன்றாவது தடவையும் அந்தம்மாவேதான். நேயருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“ஏம்மா இப்படி உயிரை எடுக்கறீங்க? டி.வி.யில உங்க குரல் வரணும்னு அவ்வளவு ஆசையா? வேற வேலை வெட்டியே இல்லியா?”

அந்தம்மா ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் வைத்துவிட்டார்.

ஐந்து மணி. சீட்டில் ‘முழங்கால் வலி’ என்று இருந்தது. நேயர் ரிசீவரை எடுத்தார். இடது கை கல்லாய்க் கனத்தது. ஃபேன் ஓடியும் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

“வணக்கம் டாக்டர். எனக்கு... நெஞ்சை அடைக்குது டாக்டர். கை மரத்துப் போகுது. நடிக்கலை, நிஜமாத்தான் சொல்றேன். நான் நம்ம போன் ரூம்ல...”

அதற்குள் அவருடைய லைனைத் துண்டித்துவிட்டார்கள். எதிரே இருந்த சின்ன டி.வி.யில் டாக்டர் சிரித்தபடி தலையாட்டுவது தெரிந்தது. அவருக்கு நேயரின் திறமை தெரியும். போன வாரம்தான் இதே நேயர் பிரசவ வலியில் துடித்திருந்தார்.

“நல்ல கேள்வி” என்று டாக்டர் சீட்டைப் பார்த்தார். “முழங்கால் வலிக்கு முதல் காரணம் உடல் எடை...”

இன்டர்காம் அலறியது. நிகழ்ச்சி அதிகாரி.

“யோவ் நேயர்! நடிப்பு பிரமாதம், ஒத்துக்கறேன். அதுக்காகப் போன் ரூம்னு உளறுவியா? என் வேலைக்கே உலை வெச்சுடுவே போலிருக்கே!”

“சார்... நிஜமாவே...”

“போதும்யா, நிறுத்து!” வைத்துவிட்டார்.

நேயர் எழுந்திருக்கப் பார்த்தார். கால் ஒத்துழைக்கவில்லை. ஐயோ, இப்போது செத்து விழுந்தாலும் கைதட்டுவார்களே தவிர, ஒருத்தரும் வர மாட்டார்களே! கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

அப்போது வெளி லைன் அடித்தது. தட்டுத்தடுமாறி எடுத்தார். பழக்க தோஷம், “லைன் பி...” என்றுதான் வாயில் வந்தது.

“வெச்சுடாதீங்க சார்! ஆம்புலன்ஸுக்குச் சொல்லிட்டேன், வந்துட்டே இருக்கு. நேரா போன் ரூமுக்கே வரச் சொல்லியிருக்கேன். சட்டை பட்டனைக் கழட்டுங்க. சாய்ஞ்சு உட்காருங்க. எழுந்து நடக்காதீங்க.”

காலையிலிருந்து உயிரை எடுத்த அதே அம்மா!

“அம்மா... நான்தான்னு எப்படி...”

“முப்பது வருஷம் ஆஸ்பத்திரியில நர்ஸா இருந்தவ சார். விவசாயி, குடும்பத் தலைவி, மாணவன் எல்லாம் ஒரே ஆள்தான்னு எனக்கு எப்பவோ தெரியும்.”

தெருவில் சைரன் சத்தம் நெருங்கியது. நேயருக்குப் பேச்சு துண்டு துண்டாக வந்தது.

“அப்ப... டி.வி.யில... கேள்வி கேட்கத்தானே கூப்பிட்டீங்க?”

“எனக்கென்ன சார் கேள்வி? காலையில தக்காளிக்கு மருந்து கேட்டப்பவே உங்க மூச்சு சரியா இல்லை. ‘முதல்ல நீங்க போய் டாக்டரைப் பாருங்க’ன்னு சொல்லத்தான் மூணு தடவை கூப்பிட்டேன்.”