மாமனார் கையால் மரணம்

"இன்னிக்கு உனக்குச் சாவு என் கையாலதான்டா!"

மாமனார் மேசையில் ஓங்கித் தட்டினார். மாப்பிள்ளை நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, "முடிஞ்சா கொல்லுங்க!" என்றான். அது வாள்வீரன் சொல்ல வேண்டிய வசனம். குரல் மட்டும் அவனுடைய வழக்கமான லிஃப்ட் மெக்கானிக் குரலாகவே வந்தது.

பயப்பட வேண்டாம், விளையாட்டுதான். மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு வேஷம் கட்டிக் கதை பேசி, பகடை உருட்டித் தலைவிதியைத் தெரிந்துகொள்ளும் விளையாட்டு. யாரோ நாலு பேர் இப்படி ஆடுவதை நேரலையில் காட்டப்போக, ஊரில் பாதிப் பேருக்கு அந்தப் பைத்தியம் பிடித்துவிட்டது. ஓய்வு பெற்ற தணிக்கை அதிகாரியான மாமனாருக்கு அது முற்றியே போய், ஞாயிறுதோறும் தன் வீட்டுக் கூடத்திலேயே ஆட்டம் நடத்தினார். அதையும் மகள் நேரலையில் விட்டாள்.

கதையை நடத்துபவர் அவர்தான். அரக்கன், பாம்பு, கொள்ளைக்காரன் எல்லாருக்கும் அவரே பகடை உருட்டுவார், முன்னால் நிறுத்திய அட்டைத் தடுப்புக்குப் பின்னால். இருபது முகம் உள்ள பகடை. பெரிய எண் விழுந்தால் எதிரே இருப்பவன் தீர்ந்தான். செத்தவன் எழுந்து போக வேண்டும், வரிசையில் காத்திருக்கும் அடுத்த ஆள் அந்த நாற்காலியில் உட்காருவான் என்பது அவர் போட்ட சட்டம்.

வரிசையோ வாரத்துக்கு வாரம் நீண்டது. இடம் கொடுத்தால் ஆயுசுக்கும் இலவசமாகப் பல் பார்ப்பதாக ஒரு பல் டாக்டர் மாமனாரிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

மாப்பிள்ளைக்கு உயிர் போனால் பரவாயில்லை, நாற்காலி போகக் கூடாது. காதலித்துக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து மாமனார் அவனிடம் பேசுவதில்லை. "சாப்பிட்டாச்சா?" என்பதைக்கூடச் சுவரைப் பார்த்துத்தான் கேட்பார். இந்த மேசையில் மட்டும் வாள்வீரனை வாய் நிறைய "டேய்" என்பார். அந்த "டேய்"க்காக அவன் வாரம் முழுக்க ஏங்கினான்.

அதற்கு அவன் பட்ட பாடு கொஞ்சமல்ல. பெரிய நிகழ்ச்சிகளைப் பார்த்துப் பார்த்து வீர வசனங்களை உருப்போட்டான். பழுது பார்த்த லிஃப்டுக்குள் நின்று, "வாடா அரக்கா!" என்று கர்ஜித்த நேரம் கதவு திறந்துகொள்ள, வெளியே நின்ற அம்மாள் படியிறங்கியே போய்விட்டாள்.

போன மாதம், மேசை முழுசாகத் தெரியட்டும் என்று கேமராவைத் தலைக்கு மேலே விளக்குக் கொக்கியில் தொங்கவிட்டதும் அவன்தான். அன்றிலிருந்து பார்க்கிற கூட்டம் எகிறியது. வேலைக்குப் போகும் பஸ்ஸில் போனைப் பையில் போட்டு, தன் வசனங்களை மட்டும் காதில் கேட்டு ரசித்துக்கொள்வான். கூட்டம் யாருக்காக வருகிறது என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை.

இப்போது அரக்கன் கோடரியை ஓங்கிவிட்டான். தடுப்புக்குப் பின்னால் பகடை உருண்டு நின்றது. மாமனார் குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"ரெண்டு," என்றார், கசப்பு மருந்தை விழுங்கிய முகத்தோடு. "தப்பிச்சே. உடம்பெல்லாம் மச்சம்டா உனக்கு!"

"மூணு வாரமா வாள்வீரன் மேல ஒரு கீறல்கூட விழலையே சார்," என்று பக்கத்தில் இருந்த டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் விளக்கைப் பார்த்தபடி இருமினார்.

"பகடை சொல்றதைத்தான் நான் சொல்றேன்! நம்பர்ல தப்பு வந்தா என் தலையே வெடிச்சிடும்," என்று சீறினார் மாமனார். வேலையில் இருந்த காலத்தில் ஓர் எண் மாறியிருந்தாலும் ஆபீசையே உண்டு இல்லை என்று ஆக்கிய மனுஷர். 

ஆட்டம் முடிந்ததும் மாப்பிள்ளை சமையலறையில் கோப்பை கழுவிக்கொண்டே மனைவியிடம் மார்தட்டினான்.

"பாத்தியா? உங்கப்பா தலைகீழா நின்னாலும் என்னைக் கொல்ல முடியாது. அடுத்த வாரம் கேமராவைக் கீழ இறக்கி என் முகத்துக்கு நேரா வைக்கப்போறேன். ஜனங்க என்னைப் பாக்கத்தானே வர்றாங்க?"

அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "ஏங்க, நம்ம நிகழ்ச்சியை ஒரு தடவையாவது கண்ணால பாத்திருக்கீங்களா?" என்று போனை நீட்டினாள்.

மேலிருந்து எடுத்த படம். முதலில் தெரிந்தது அவனுடைய உச்சந்தலை வழுக்கை. அதுவே அவனுக்குப் பெரிய அடி. அரக்கன் கோடரியை ஓங்கிய இடத்தில் அவள் படத்தை நிறுத்தினாள். தடுப்புக்குப் பின்னால் கிடந்த பகடையைப் பெரிதாக்கினாள்.

"படிங்க."

"இ... இருபது."

போன வாரத்துக்குத் தள்ளினாள். பாம்பு கடிக்க வந்தபோது பத்தொன்பது. அதற்கு முந்தைய வாரம், கொள்ளைக்காரன் கத்தியை வீசியபோது மறுபடியும் இருபது. கீழே, பார்த்தவர்கள் வரிசையாக எழுதியிருந்தார்கள்: 'பெரியவர் இன்னிக்கும் குரல் மாறாம புளுகிட்டாருப்பா!'

 அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஈரக் கையோடு கூடத்துப் பக்கம் திரும்பினான்.

"இரு, மாமாகிட்ட ஒரே ஒரு வார்த்தை..."

அவள் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"மூச்சு விடாதீங்க! நீங்க கண்டுபிடிச்சது தெரிஞ்சா அடுத்த வாரம் நிஜமாவே கொன்னுடுவாரு."