மூன்று புள்ளி ஒன்று

அந்த ஒரு வரியில் வந்து கை நின்றுவிட்டது.

எழுத்துப்பிரிப்பு = 3.1

கூடவும் கூடாது, குறையவும் கூடாது. 3.1 என்ற பதிப்பு மட்டும்தான். நாலு வருடத்துக்கு முன்னால் கோபத்தில் அவளே ஆணியடித்து வைத்த எண்.

அவளுடைய லைப்ரரி, அதாவது மற்றவர்கள் தங்கள் மென்பொருளில் சேர்த்துக்கொள்ளும் நிரல்தொகுப்பு, தமிழ் வரிகளைச் சரியான இடத்தில் மடிக்கும். அதற்குச் சொற்களை எழுத்து எழுத்தாகப் பிரித்துக் கொடுப்பது ஜெஸிந்தாவின் 'எழுத்துப்பிரிப்பு' லைப்ரரி. இரண்டும் ஒரே விடுதி அறையில், ஒரே பிளக் பாயின்ட்டுக்கு அடித்துக்கொண்டு எழுதியவை.

பிறகு ஜெஸிந்தா 3.2 வெளியிட்டாள். இவள் தன்னுடையதை மேடையில் ஓட்டிக் காட்டும்போதே அது கவிழ்த்துவிட்டது. நூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"டெஸ்ட் பண்ணாம எதையாவது தூக்கிப் போடுறதே உனக்கு வேலை."

இவள் மைக்கிலேயே சொன்னாள். சொல்லியிருக்க வேண்டாம். அன்றோடு பேச்சு நின்றது.

இப்போது புதுக் கணினி எதுவும் 3.1-ஐச் சீந்துவதில்லை. ஜெஸிந்தாவோ 5.4-க்குப் போய்விட்டாள். 3.2-க்குப் பிறகு மட்டும் பதினேழு வெளியீடுகள். என்னென்ன உடைந்து கிடக்கிறதோ. சனி ஞாயிறு போச்சு என்று முணுமுணுத்துக்கொண்டே எண்ணை மாற்றினாள்.

தன் லைப்ரரியின் சோதனைகளை ஓடவிட்டாள். மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு; தேறினால் பச்சை, உடைந்தால் சிவப்பு.

பச்சை.

பச்சை.

அத்தனையும் பச்சை.

நம்பவில்லை. பழையதுதான் எங்கேயோ ஒட்டிக்கொண்டு ஓடுகிறது என்று எல்லாவற்றையும் துடைத்துவிட்டு மறுபடி ஓட்டினாள். மறுபடியும் பச்சை.

ஜெஸிந்தாவின் லைப்ரரியைத் திறந்து பார்த்தாள்.

உள்ளே இவள் பெயரில் ஒரு ஃபோல்டர். அதில் இவளுடைய முந்நூற்றுப் பன்னிரண்டு சோதனைகளும் இருந்தன. வெளியீட்டுக் குறிப்பில் பதினேழு தடவையும் அதே வரி.

"அவளோடது ஓடுது. வெளியிடலாம்."

முதல் குறிப்பின் தேதி, சண்டைக்கு மறுநாள்.

ராட்சசி. நாலு வருடத்தில் ஒரு வார்த்தை சொன்னாளா? அழுகை வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது. இரண்டையும் துப்பட்டாவில் துடைத்தாள்.

திரும்பவும் அந்த வரிக்கு வந்தாள். 5.4-ஐ அழித்துவிட்டு, எண் இருந்த இடத்தில் ஒரு நட்சத்திரக் குறியைப் போட்டாள். ஜெஸிந்தா எதை வெளியிட்டாலும் கேள்வி கேட்காமல் எடுத்துக்கொள் என்று அதற்குப் பொருள். விவரம் தெரிந்தவர்கள் யாரும் அப்படி எழுத மாட்டார்கள்.

எழுதி, இணையத்தில் ஊரறிய ஏற்றினாள்.

ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. கீழே ஒரு குறிப்பு வந்தது. ஜெஸிந்தாதான்.

"லூசாடி நீ? நாளைக்கே நான் எதையாவது மாத்தினா மொத்தமும் உடைஞ்சுபோகும். ஒழுங்கா எண்ணைப் போடு."

மூன்று தடவை படித்தாள். நாற்காலியை விட்டு எழுந்து, காபி போடப் போய், போடாமலே திரும்பி வந்தாள்.

பதில் எழுதினாள்.

"முடியாது, போடி."